விருந்தாளி யார் என்று தெரிந்து இலை போடுவோம்

ஒரு சரக்கை விற்க வேண்டுமானால் வாங்குகிறவர் யார் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். புனே கேம்ப்பில் நெடுங்காலமாகப் பாத்திரக் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த வியாபார சாஸ்திரம் இவ்வளவுதான். ஈரானிலிருந்து இங்கே படிக்க வரும் பிள்ளைகள் அடி கனமான சோற்றுப் பாத்திரம்தான் கேட்பார்கள். அடியில் பொன்னிறமாகப் பிடிக்கிற காந்தல் அவர்களுக்கு விருந்து. நம்ம வீட்டிலோ அதைச் சுரண்டிப் போடுவோம். இது தெரியாமல் மெல்லிய பாத்திரத்தை அடுக்கி வைத்து, விளம்பரப் பலகையைப் பெரிதாக எழுதினால் விற்குமா?

சுற்றுலாவும் வியாபாரம்தான். வெளிநாட்டு விருந்தினரை அழைப்பதில் நம் மராட்டிய மாநிலமும் தாய்த்தமிழகமும் எங்கே நிற்கின்றன என்பதை இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

வருகிறவர் யார்?

2002-ஆம் ஆண்டு மத்திய அரசு 'இன்கிரெடிபிள் இந்தியா' என்ற விளம்பரத்தைத் தொடங்கியது. அழகான படங்கள். யோகாசனம், புலி, தாஜ்மகால், அரண்மனை. அவற்றைப் பார்த்தால் ஐரோப்பிய, அமெரிக்க வாசகரை மனதில் வைத்துச் செய்தவை என்றே தோன்றும். அதில் தவறில்லை. ஆனால் உண்மையில் வந்தவர்கள் யார்?

கொரோனாவுக்கு முந்தைய 2019-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டார் சுமார் 1 கோடியே 9 லட்சம் பேர். அதில் முதலிடம் வங்கதேசத்துக்கு, 25 லட்சத்துக்கு மேல். அமெரிக்கா சுமார் 15 லட்சத்தோடு இரண்டாவது. இலங்கை, மலேசியா இரண்டிலிருந்தும் தலா 3 லட்சத்துக்கு மேல். அதே ஆண்டில் மாநிலவாரிக் கணக்கில் தமிழ்நாடு சுமார் 68 லட்சம் வருகைகளோடு முதலிடம். மகாராஷ்டிரம் 55 லட்சத்தோடு இரண்டாமிடம். (ஒரே ஆள் மூன்று மாநிலம் போனால் மூன்று முறை கணக்கில் வருவார். அதனால்தான் கூட்டினால் மொத்தத்தை மிஞ்சுகிறது.)

ஆக, நம் வாசலுக்கு வருகிறவர்களில் பெரும்பகுதி அக்கம்பக்கத்து ஆசிய நாட்டார். கையில் இப்போதுதான் கொஞ்சம் பணம் சேர்ந்து, குடும்பத்தோடும் குழுவோடும் புறப்படுகிறவர்கள். வைத்தியத்துக்கு, யாத்திரைக்கு, கல்யாணச் சேலைக்கு, குலதெய்வத்தைத் தேடி என்று வருகிறவர்கள். இவர்களுக்குப் புலிப் படம் காட்டி ஆகப்போவது என்ன?

நாம் விருந்தாளியாகப் போன இடம்

இதை நன்றாகப் புரிந்துகொள்ள, நாமே 'புதிதாகப் பணம் சேர்ந்த நாட்டார்' ஆக எங்கே போனோம் என்று பார்க்க வேண்டும். அந்த இடம் சுவிட்சர்லாந்து.

1964-ல் ராஜ்கபூரின் 'சங்கம்' தொடங்கி, 1995-ன் 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' வரை அந்த மலைகள் நம் திரையில் ஓடின. சுவிஸ்காரர்கள் இதைத் தற்செயலாக விடவில்லை. இண்டர்லாக்கன் ஊர்க்காரர்கள் 2016-ல் படத்தயாரிப்பாளர் யஷ் சோப்ராவுக்குச் சிலையே வைத்தார்கள். டிட்லிஸ் மலை உச்சியில் ஷாருக்கான், கஜோல் உருவப்பலகை நிற்கிறது. நம்ம ஆட்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள்.

ஆனால் சினிமா இழுத்தது முதல் பயணத்துக்கு. தொடர்ந்து ஆள் வந்தது சமையற்கட்டால் என்பேன். 3,454 மீட்டர் உயரத்தில், ஐரோப்பாவின் மிக உயர ரயில் நிலையமான யுங்ஃபிராவ்யோக்கில் இந்தியச் சாப்பாட்டுக்கென்றே 'பாலிவுட்' உணவகம் வைத்தார்கள். வெங்காயம், பூண்டு, கிழங்கு சேராத ஜைனச் சாப்பாடு என்றால் என்னவென்று அந்த மலையூர் ஹோட்டல்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். குஜராத்தி, மார்வாடிக் குழுக்கள் சமையற்காரரைக் கையோடு அழைத்துப் போனால் அடுப்படியைத் திறந்துவிட்டார்கள். கேம்ப்பிலிருந்து போய்வந்த என் வியாபார நண்பர்கள் பனிமலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால், அங்கே கிடைத்த பருப்பு சாதத்தைப் பற்றிப் பத்து வார்த்தை சொல்வார்கள்! இரவுச் சாப்பாடு கூடாது என்கிற நம் நியமத்துக்கும் அங்கே சங்கடமில்லை. ஜூன் மாதத்தில் சூரியன் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் மறைகிறது.

அவர்களுக்கு இதில் லாபம் என்ன? நமக்குப் பள்ளி விடுமுறை மே மாதம். அவர்களுக்கோ பனிச்சறுக்குக் காலம் முடிந்து, கோடைக் கூட்டம் தொடங்காத மந்த மாதம். காலியாகக் கிடக்கிற அறை நிரம்புகிறது. 2018, 2019-ல் இந்தியர் அங்கே தங்கிய இரவுகள் ஆண்டுக்குச் சுமார் 8 லட்சம்.

உரசலும் இல்லாமல் இல்லை. 2019-ல் அங்கே ஒரு ஹோட்டல், இந்தியர் காலைச் சிற்றுண்டியை மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போகக்கூடாது, நடையில் சத்தம் போடக்கூடாது என்று நமக்கென்றே தனி அறிவிப்பு வைத்தது வெளியே வந்து கண்டனத்துக்கு ஆளானது. விருந்தாளியின் பணம் வேண்டும், விருந்தாளி வேண்டாம் என்றால் இப்படித்தான் முடியும். நாம் விருந்து வைக்கும்போது நினைவில் வைக்க வேண்டிய பாடம் இது.

சோழன் செய்த ஏற்பாடு

இந்த வித்தை நமக்குப் புதிதா? இல்லை. ஸ்ரீவிஜய அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் தன் தந்தை பெயரால் சூடாமணி விகாரம் எழுப்ப, முதலாம் இராசராசன் 1006 வாக்கில் ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்குப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்தான். பள்ளிச்சந்தம் என்பது சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்படும் நிலம். சோழன் சைவன், வந்தவர்கள் பௌத்தர்கள். கடல் கடந்து வருகிற வணிகருக்கும் யாத்திரிகருக்கும் அவரவர் முறைப்படி கும்பிட, உண்ண, தங்க ஓர் இடம் இருந்தால் துறைமுகம் செழிக்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. மகன் இராசேந்திரன் 1025-ல் கடாரத்தின்மேல் படை எடுத்த பின்னும் அந்த விகாரம் நின்றது. 1090 வாக்கில் முதலாம் குலோத்துங்கனும் அதற்குச் சாசனம் கொடுத்தான்.

இன்று அதே ஏற்பாட்டைப் பார்க்க வேண்டுமானால் பீகாரில் புத்தகயைக்குப் போகலாம். தாய்லாந்து, மியான்மர், இலங்கை, வியட்நாம், பூட்டான் என்று ஒவ்வொரு நாட்டாருக்கும் அங்கே மடமும் விடுதியும் உண்டு. பக்கத்துக் கயை விமான நிலையத்துக்குக் குளிர்காலத்தில் பாங்காக் போன்ற ஊர்களிலிருந்து நேரடி விமானம் வருகிறது. உத்தரப்பிரதேசத்தில் குசிநகர் விமான நிலையம் 2021 அக்டோபரில் திறந்தபோது, முதல் வெளிநாட்டு விமானம் கொழும்பிலிருந்து பிக்குகளோடு வந்து இறங்கியது.

அஜந்தாவில் என்ன குறை?

நம் மாநிலத்துக்கு வருவோம். அஜந்தா, எல்லோரா இரண்டும் 1983-லேயே உலகப் பாரம்பரியச் சின்னங்கள். எல்லோராவின் 34 குகைகளில் 12 பௌத்தம், 17 இந்து, 5 ஜைனம். சாலை, விமான நிலையம் என்று ஜப்பானியக் கடனுதவியில் 1992 முதல் பெரிய வேலைகள் நடந்தன. பல கோடி செலவில் பார்வையாளர் மையங்களும் 2013-ல் திறந்தார்கள். சில ஆண்டுகளிலேயே தண்ணீர், மின்சாரக் கட்டணப் பாக்கியால் அவற்றை மூட வேண்டியதாயிற்று. கட்டடம் கட்டியதோடு விருந்து முடிந்ததாக நினைத்தால் இப்படித்தான்.

சின்ன விஷயங்களைச் சொல்கிறேன். அஜந்தாவுக்கு விடுமுறை திங்கள்; எல்லோராவுக்குச் செவ்வாய். இது தெரியாத குழுவுக்கு ஒரு நாள் வீண். இலங்கை, தாய்லாந்து, மியான்மர் பிக்குகள் நண்பகலுக்குப் பின் உண்பதில்லை. சம்பாஜிநகரிலிருந்து (பழைய ஔரங்காபாத்) அஜந்தா சுமார் 100 கிலோமீட்டர். இடையில் பர்தாபூர் அருகே வண்டி மாறி, கடைசி 4 கிலோமீட்டர் அரசு பஸ்ஸில் போக வேண்டும். குகை ஏறி இறங்குவதற்குள் பன்னிரண்டு தாண்டிவிடும். பதினொரு மணிக்கு அங்கே சுத்தமான சாப்பாடு தயாராக இருந்தால் அதுவே விளம்பரம். அஸ்தமனத்துக்குப் பின் உண்ணாத வீட்டில் பிறந்த எனக்கு இந்த அருமை தெரியும்.

நுழைவுக் கட்டணமும் அப்படித்தான். இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டாருக்கு 600. ஆனால் சார்க், பிம்ஸ்டெக் நாட்டாருக்கு, அதாவது இலங்கை, நேபாளம், தாய்லாந்து, மியான்மர்காரருக்கு, இந்தியர் கட்டணம்தான். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழருக்கு 600, ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் 40. இதையெல்லாம் சிங்களத்திலும் தாய் மொழியிலும் தமிழிலும் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்க எத்தனை ரூபாய் ஆகும்?

ஆள் போகாத மலை

தமிழகத்தில் இது இன்னும் அவசரம். திருச்சி விமான நிலையத்துக்கு 2024 ஜனவரியில் புது முனையம் வந்தது. கோலாலம்பூர், சிங்கப்பூர், கொழும்பு விமானங்கள் அங்கே இறங்குகின்றன. அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் சித்தன்னவாசல். தாமரைத் தடாக ஓவியம், ஏழடிப்பாட்டத்துக் கற்படுக்கை, தமிழி எழுத்து. மலேசியாவிலிருந்து ஸ்ரீரங்கமும் தஞ்சாவூரும் பார்க்க வருகிற வண்டி இந்தப் பக்கம் திரும்புவது அபூர்வம்.

ஆள் வராத இடத்துக்குக் காவல் இல்லை. காவல் இல்லாத மலைக்கு வெடி வைக்கிறார்கள். மதுரை வட்டாரத்தில் கிரானைட் குவாரிகள் கற்படுக்கைக் குன்றுகளின் அடிவாரம் வரை வந்தது 2012-ல் நாடே அறிந்த கதை. அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த அதே ஊர் வட்டாரத்தில் 2024-ல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போயிற்று. ஊர் மக்கள் திரண்டு போராடிய பிறகே 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. எல்லா மலைக்கும் அப்படி ஓர் ஊர் வாய்க்காது. பார்க்க வருகிற கண்கள் இருந்தால் மலைக்கு அதுவே வேலி.

கூட்டம் வந்தால் ஓவியம் கெடாதா என்று கேட்பீர்கள். கெடும். மூச்சுக்காற்றின் ஈரமே ஓவியத்துக்கு எதிரி. அதனால்தான் அஜந்தாவின் ஓவியக் குகைகளில் ஒரு நேரத்துக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். சித்தன்னவாசலில் சின்ன மண்டபம். வரம்பு இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். நான் கேட்பது பெருங்கூட்டம் அல்ல. தெரிந்து வருகிற சிறு குழுக்கள்.

நாம் செய்யக்கூடியது

புனேத் தமிழர் நாம் இரண்டு மாநிலத்துக்கும் நடுவே நிற்கிறோம். மராத்தியும் இந்தியும் பேசுவோம். மலேசியாவிலும் இலங்கையிலும் நமக்கு உறவும் வியாபாரமும் உண்டு. அஜந்தா, எல்லோரா பற்றித் தமிழில் நான்கு பக்கக் கையேடு ஒன்றை நம் சங்கமே போடலாம்: என்று விடுமுறை, எங்கே வண்டி மாறுவது, கட்டணம் எவ்வளவு, சைவச் சாப்பாடு எங்கே. சித்தன்னவாசலுக்கு இன்னொன்று. நான்கைந்து இளைஞர்களை வழிகாட்டிகளாகத் தயார் செய்யலாம். காகிதச் செலவை வியாபாரிகள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு இல்லறவியலில் தனி அதிகாரம் வைத்தார். அரசாங்கம் விளம்பரம் செய்யட்டும். அது அவர்கள் வேலை. வருகிறவர் எந்த நேரத்தில் எதை உண்பார் என்று கேட்டு இலை போடுவது வீட்டுக்காரர் வேலை. அந்த வேலையை நாம் எடுத்துக்கொள்ளலாம்.