விளையாட்டுக் கணிப்பொறி: எந்த உறுப்புக்கு எவ்வளவு செலவிடலாம்?

உங்களில் பலருக்குக் கணிப்பொறி விளையாட்டுகளில் ஆர்வம் உண்டு. அதற்கென்று ஒரு கணிப்பொறியை உறுப்பு உறுப்பாக வாங்கி, வீட்டிலேயே இணைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையும் சிலருக்கு இருக்கும். விலை உயர்ந்த ‘பிராசஸர்’ ஒன்றை வாங்கிவிட்டால் எல்லா விளையாட்டுகளும் தடையின்றி ஓடும் என்பது பரவலான எண்ணம். இது சரிதானா?

பணம் தாராளமாக உள்ளவர் எதையும் வாங்கலாம். அளவான தொகையை வைத்துக்கொண்டு வாங்குபவருக்கோ, தாம் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் எங்கே பயன் தருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதை அறியப் பெருக்கலும் வகுத்தலும், பள்ளியில் நீங்கள் படித்த மின்னியலுமே போதும்.

திரையிலிருந்து தொடங்குவோம்

திரையில் ஒரு கார் ஓடுவதுபோல் தெரிகிறது. உண்மையில் எதுவும் ஓடுவதில்லை. நிலையான படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறுகின்றன, அவ்வளவுதான். திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள். ஆனால் அவை முன்பே எடுத்து வைக்கப்பட்டவை. விளையாட்டில் அடுத்த கணம் நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்துவீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு படமும் அந்தந்த நேரத்தில் புதிதாக வரையப்பட வேண்டும்.

சாதாரணத் திரை ஒன்றில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 படப்புள்ளிகள் உள்ளன. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 படங்கள் வேண்டுமானால், ஒரு நொடியில் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும்! ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடி மட்டுமே. 3840 × 2160 புள்ளிகள் கொண்ட திரையானால் வேலை நான்கு மடங்காகிறது.

இதிலிருந்து முதல் விதி கிடைக்கிறது. வாங்கப்போகும் திரையை முதலில் முடிவு செய்யுங்கள். நொடிக்கு 60 முறை மட்டுமே படத்தை மாற்றும் திரைக்கு, 150 படங்கள் வரையும் கணிப்பொறி எதற்கு? எஞ்சிய படங்களை நீங்கள் முழுமையாகப் பார்க்கப்போவதே இல்லை.

பந்தியில் இரு வகை ஆட்கள்

ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வரிசைக்கு என்ன வேண்டும், அடுத்து எதைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லும் மேற்பார்வையாளர் ஒருவர். வாளியும் கரண்டியுமாக இலைதோறும் பரிமாறுவோர் பலர். கணிப்பொறியில் பிராசஸர் எனப்படும் மையச் செயலிதான் மேற்பார்வையாளர். கார் எங்கே திரும்பியது, பந்து எதில் மோதியது என்பதையெல்லாம் அது முடிவு செய்கிறது. புள்ளிதோறும் நிறம் நிரப்பும் வேலை ‘கிராபிக்ஸ் கார்டு’ எனப்படும் வரைகலை அட்டையினுடையது.

இரண்டின் அமைப்பும் வேலைக்கு ஏற்றபடி வேறுபடுகிறது. சிக்கன விலைக் கணிப்பொறிகளில் பலர் பயன்படுத்தியுள்ள ரைசன் 5 5600 என்ற பிராசஸரில் திறன் மிக்க 6 கருக்கள் உள்ளன. 2021இல் வெளிவந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6600 என்ற அட்டையில் 1792 சிறிய கணக்கீட்டு அலகுகள் உள்ளன. ஆறு பேர் அறிவாளிகள். ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் பேர் சொன்னதைச் செய்பவர்கள்.

அட்டை ஒரு படத்தை வரையும்போதே, பிராசஸர் அடுத்த படத்துக்கான கணக்கைப் போடுகிறது. ஒரு படத்துக்குப் பிராசஸர் 10 மில்லி நொடியும், அட்டை 20 மில்லி நொடியும் எடுப்பதாகக் கொள்வோம். நொடிக்கு எத்தனை படங்கள் கிடைக்கும்? மெதுவானது எதுவோ அதுவே தீர்மானிக்கும். 1000 ÷ 20 = 50 படங்கள். இப்போது பெரும் பணம் செலவிட்டு, 5 மில்லி நொடியில் வேலையை முடிக்கும் பிராசஸரை வாங்கினால்? அப்போதும் 50 படங்கள்தாம்! அதே பணத்தை அட்டையில் செலவிட்டு 20 மில்லி நொடியை 10 ஆக்கினால் 100 படங்கள் கிடைக்கும்.

பரிமாற இருவரே இருக்கும் பந்தியில் மேற்பார்வையாளரின் சுறுசுறுப்பு இலையை நிரப்பாது. இதனால்தான் விளையாட்டுக் கணிப்பொறியில் பெரும்பங்குத் தொகையை வரைகலை அட்டைக்கு ஒதுக்குகிறார்கள்.

பெயரைக் கண்டு மயங்காதீர்கள்

‘ஐ7 கணிப்பொறி, மலிவு விலையில்’ என்ற விளம்பரங்களைக் கண்டிருப்பீர்கள். ஐ7 என்பது அந்தந்தத் தலைமுறைக்குள் ஒரு தரவரிசை மட்டுமே. 2011இல் வந்த கோர் ஐ7-2600க்கும், 2022இல் வந்த கோர் ஐ3-12100க்கும் கருக்கள் நான்குதான். ஆனால் வேகத்தில் பின்னதே வெகுவாக முந்துகிறது. எந்த ஆண்டின் பிராசஸர் என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

பெயரின் இறுதி எழுத்தும் முக்கியம். இன்டெல் பிராசஸரில் ‘எஃப்’ என்று முடிந்தால் அதனுள் வரைகலைப் பகுதி இல்லை. தனி அட்டை வாங்காவிட்டால் திரை இருண்டே கிடக்கும். மாறாக, ரைசன் 5 5600ஜி போன்றவற்றில் வரைகலைப் பகுதி உள்ளேயே அமைந்துள்ளது. கையில் பணம் குறைவாயின் அதைக் கொண்டு தொடங்கி, பிறகு அட்டை சேர்த்துக்கொள்ளலாம்.

அப்படித் தொடங்குவோர் ‘ராம்’ எனப்படும் நினைவகத்தில் கவனம் வைக்க வேண்டும். டிடிஆர்4-3200 வகை நினைவகப் பட்டை ஒன்று நொடிக்கு 320 கோடி முறை, முறைக்கு 8 பைட்டுகள் வீதம், 25.6 கிகாபைட் தகவலைத் தரவல்லது. இரு பட்டைகளை உரிய இரு துளைகளில் பொருத்தினால் பாதை இரண்டாகி, 51.2 கிகாபைட் ஆகிறது. ஆகவே 16 கிகாபைட் பட்டை ஒன்றைவிட 8 கிகாபைட் பட்டைகள் இரண்டு மேல். ஆர்எக்ஸ் 6600 அட்டையின் சொந்த நினைவகமோ நொடிக்கு 224 கிகாபைட் தருகிறது. தனி அட்டை ஏன் விரைவாக வரைகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாய்ப்பலகையில், அதாவது ‘மதர்போர்டில்’, பார்க்க வேண்டியது பொருத்தம். மேற்கண்ட ரைசனுக்கு ஏஎம்4 பொருத்துவாய் தேவை, ஐ3-12100க்கு எல்ஜிஏ1700. ஒன்றுக்குரியது மற்றொன்றில் உட்காராது. சேமிப்பகத்துக்கு எஸ்எஸ்டி வாங்குங்கள். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் பழைய வட்டு, தேடும் தகவல் ஊசியின் கீழ் வந்து சேரவே சராசரி 4.2 மில்லி நொடி காக்க வைக்கும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. விளையாட்டு விரைவில் திறக்கும். ஆனால் நொடிக்கான படங்கள் இதனால் பெரிதும் கூடிவிடா.

சிக்கனம் கூடாத இடம்

பணத்தை மிச்சப்படுத்தப் பலர் கைவைக்கும் உறுப்பு, கடைக்காரர்கள் ‘எஸ்எம்பிஎஸ்’ என்று சொல்லும் மின்வழங்கி. அதுதான் தவறு. வீட்டின் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12 வோல்ட் நேர்மின்னோட்டமாக்கித் தருவது இதுவே.

கணக்கைப் பாருங்கள். நம் அட்டைக்கு 132 வாட், பிராசஸருக்கு 76 வாட் வரை, ஏனையவற்றுக்குச் சுமார் 50 வாட். மொத்தம் ஏறத்தாழ 260 வாட். திடீரென்று கூடும் தேவைக்கும் இடம்விட்டு, 500 வாட் மின்வழங்கி வாங்கலாம்.

ஆனால் பெட்டிமேல் பெரிதாக அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பக்கத்தில் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம் அல்லவா? 38 ஆம்பியர் என்றிருந்தால் 456 வாட், நல்லது. 20 ஆம்பியர் என்றிருந்தால் வெறும் 240 வாட்! நம் அட்டைக்கும் பிராசஸருக்கும் மட்டுமே 208 ÷ 12 = 17.3 ஆம்பியர் தேவை.

மின்னழுத்தம் குறைந்தால் அதே திறனுக்கு மின்னோட்டம் கூடும். 230இலிருந்து 12 வோல்ட்டுக்கு வரும்போது மின்னோட்டம் ஏறத்தாழ 19 மடங்காகிறது. ஜூல் விதிப்படி வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. அதே தடையில் 360 மடங்குக்கும் மேல்! மெல்லிய கம்பியும் தளர்ந்த இணைப்பும் உள்ள மலிவு மின்வழங்கி ஏன் கருகுகிறது என்பது இப்போது விளங்கும். சில வேளைகளில் அது தன்னோடு தாய்ப்பலகையையும் அட்டையையும் கொண்டுபோய்விடும். சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்து, பல ஆயிரம் ரூபாய்ப் பொருளை இழக்கலாமா? நிலத்தொடர்பு சரியாக உள்ள மூன்று துளைச் செருகுவாயில்தான் கணிப்பொறியை இணைக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

இந்த 260 வாட்டும் இறுதியில் வெப்பமாகவே வெளியேறுகிறது. சில்லின் வெப்பநிலை அறையைவிட 45 டிகிரி கூடுதலாக நிற்பதாகக் கொண்டால், 25 டிகிரி அறையில் அது 70. கோடையில் 38 டிகிரி அறையில் 83. வரம்பை நெருங்கினால் சில்லு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனவே வண்ண விளக்குகளுக்குக் கொடுக்கும் பணத்தில், முன்புறம் காற்று நுழைய வலையுள்ள பெட்டியும் நல்ல விசிறி ஒன்றும் வாங்குவது அறிவுடைமை.

நீங்களே செய்து பாருங்கள்

வீட்டிலோ நண்பரிடமோ ஏற்கெனவே ஒரு கணிப்பொறி இருந்தால், எதை மாற்ற வேண்டும் என்பதைச் செலவின்றியே கண்டுபிடிக்கலாம். நொடிக்கு எத்தனை படங்கள் என்று காட்டும் விளையாட்டு ஒன்றைத் திறவுங்கள். படங்களைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் ‘வி-சிங்க்’ அமைப்பை நிறுத்திவிடுங்கள். முதலில் 1920 × 1080 புள்ளிகளில், ஒரே இடத்தில் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் 1280 × 720 ஆக மாற்றுங்கள். புள்ளிகள் 2.25 மடங்கு குறைகின்றன. பிராசஸரின் வேலையோ ஏறத்தாழ மாறுவதில்லை.

எண் நன்றாக உயர்ந்தால், இதுவரை பின்தங்கி நின்றது வரைகலை அட்டை. எண் அசையாமல் நின்றால், பின்தங்கியது பிராசஸர். இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதன்பிறகு கடைக்குப் போங்கள்.