ஓடாத கம்ப்யூட்டரை எடைக்குப் போடும் முன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்து கல்லூரி விண்ணப்பம் போடும் நேரம் நெருங்கினால், நமது அறக்கட்டளை அலுவலகத்திற்கு ஒரே மாதிரியான கோரிக்கை பல வீடுகளிலிருந்து வரும். "வீட்டுக் கம்ப்யூட்டர் ஓடவில்லை. கடையில் மதர்போர்டு போய்விட்டது, புதுசுதான் வாங்கணும் என்கிறார்கள். தவணையில் எடுத்தால் வட்டி. பைத்துல்மாலில் ஏதாவது செய்ய முடியுமா?" வட்டிக்கு அஞ்சி ஒதுங்கும் வீட்டில் பிள்ளை செல்போனின் சின்னத் திரையிலேயே எல்லாவற்றையும் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறது. வேறு வழி தெரியாமல் வட்டித் தவணையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு மனம் வருந்துபவர்களும் உண்டு.

கணவரை இழந்த ஒரு சகோதரியின் கம்ப்யூட்டர் இப்படித்தான் நம்மிடம் வந்தது. மதர்போர்டு போய்விட்டது என்று அவரிடமும் சொல்லியிருந்தார்கள். பெட்டியைத் திறந்து, ராமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டினோம். அல்ஹம்துலில்லாஹ், திரை வந்துவிட்டது. எல்லாக் கம்ப்யூட்டரும் இப்படிப் பிழைத்துவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் புதிது வாங்கக் கடன் தேடும் முன், வீட்டிலேயே அரை மணி நேரம் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

"ஓடவில்லை" என்று நாம் ஒரே சொல்லில் சொன்னாலும் அதில் மூன்று விதம் உண்டு. பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லாமல் கிடப்பது ஒன்று. ஃபேன் சுற்றியும் திரை கறுப்பாகவே இருப்பது இரண்டாவது. திரை வந்தும் விண்டோஸ் வராமல் நிற்பது, அல்லது சிறிது நேரத்தில் அணைந்துபோவது மூன்றாவது. எது என்று பார்த்துச் சொன்னாலே மெக்கானிக்கின் வேலை பாதியாகக் குறையும்.

சத்தமே இல்லையென்றால் முதலில் யூ.பி.எஸ்ஸைச் சந்தேகப்படுங்கள். அதன் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் போய்விடும். யூ.பி.எஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். மானிட்டருக்குப் போகும் பவர் கேபிளும் பெட்டிக்குப் போகும் கேபிளும் பெரும்பாலும் ஒரே வகைதான். மாற்றி மாட்டினால் கேபிள் கோளாறா என்று தெரிந்துவிடும். பெட்டியின் பின்பக்கம் எஸ்.எம்.பி.எஸ்ஸில் சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கும். பெருக்கும்போது அது கைபட்டு அணைந்திருக்கும். இதற்காகவே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தவர்களும் இருக்கிறார்கள்.

இதெல்லாம் சரியென்றால் முன்பக்கப் பவர் பட்டனே பழுதாகியிருக்கலாம். மதர்போர்டில் பவர் சுவிட்ச் ஒயர் மாட்டியிருக்கும் இடத்தில் ரீசெட் சுவிட்ச் ஒயரை மாட்டினால், அதன்பின் ரீசெட் பட்டனே பவர் பட்டனாக வேலை செய்யும். செலவு கிடையாது. அதுவும் இல்லையென்றால் எஸ்.எம்.பி.எஸ் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதை மாற்றலாமே தவிர, வீட்டில் அதன் மூடியைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள் உள்ள கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கலாம்.

ஃபேன் சுற்றியும் திரை வராவிட்டால், பெரும்பாலும் ராம்தான். நம் ஊர்த் தூசியும் ஈரக்காற்றும் அதன் தங்க நிறப் பற்களில் படிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள். பெட்டியைப் படுக்கப் போட்டு, பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் பக்கவாட்டுத் தகடு வந்துவிடும். பெட்டியின் வெறும் இரும்பை ஒருமுறை தொடுங்கள். நம் உடம்பில் உள்ள நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். ராமின் முனையில் இருக்கும் கிளிப்பை விலக்கினால் அது மேலே எழும். ஓரங்களைப் பிடித்து எடுத்து, பற்களை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துகள்களைத் துடையுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் படும். ராமில் உள்ள வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் பொருந்துமாறு வைத்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை இரண்டு பக்கமும் அழுத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். ஒன்று கெட்டுப்போய் மற்றதையும் சேர்த்துத் தடுத்துக்கொண்டிருக்கலாம்.

திறந்ததோடு மதர்போர்டையும் ஒரு பார்வை பாருங்கள். சின்ன உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியோ கசிந்தோ இருந்தால், மதர்போர்டு போய்விட்டது என்று கடைக்காரர் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் தேதி பழையதாகி, எஃப்1 அழுத்தச் சொல்லித் திரை நின்றால் அது பெரிய கோளாறு அல்ல. நாணயம் போன்ற சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்தால் சூடுதான் முதல் சந்தேகம். பிராசஸர் ஃபேனுக்குக் கீழே தூசி பஞ்சுபோல் அடைத்திருக்கும், தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும். பெயிண்ட் பிரஷால் தூசியை எடுக்கலாம். பேஸ்ட் மாற்றுவதைப் பழக்கமுள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

விண்டோஸ் மட்டும் வரவில்லையென்றால் "ஃபார்மேட் போட்டுத் தருகிறேன்" என்பார்கள். உடனே தலையாட்டிவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கில் நிக்காஹ் போட்டோ, மவ்த்தாகிவிட்ட வாப்பாவின் குரல் பதிவு, பத்திர ஸ்கேன் என்று திரும்பக் கிடைக்காதவை இருக்கும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, முதலில் அவற்றை நகலெடுக்கச் சொல்லுங்கள். டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் சேதம் கூடும்.

கம்ப்யூட்டர் உயிர் பிழைத்துவிட்டது, ஆனால் ஆமை வேகம் என்றால், இருக்கிற பணத்தை முதலில் எஸ்.எஸ்.டி. வாங்கச் செலவிடுங்கள். பிராசஸரை மாற்றுவதைவிட இதில்தான் பலன் கண்ணுக்குத் தெரியும். 256 ஜி.பி. போதும், பழைய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் படங்கள் வைக்க இருக்கட்டும். அடுத்தது ராம், 8 ஜி.பி. இருந்தால் நிம்மதி. டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 ஒன்றுக்கொன்று பொருந்தாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. லேப்டாப் ராமும் இதில் சேராது. ஆகவே பழைய ராமைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். சென்னைக்குப் போகிறவர்கள் இருந்தால் ரிச்சி தெருவில் பழைய டி.டி.ஆர்.3 ராம் மலிவாகக் கிடைக்கும். டி.டி.ஆர்.2 போடும் அளவுக்குப் பழையதென்றால், பழுது சின்னதாக இருந்தால் பாருங்கள்; புதுப் பாகம் வாங்கிப் போடுவது என் கணக்கில் வீண்விரயம்தான்.

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 14 அக்டோபர் 2025-உடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் பிராசஸர் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதற்கு முந்தைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு லினக்ஸ் மின்ட் நல்ல வழி. காசு கிடையாது, திருட்டு விண்டோஸ் போடும் ஹராமும் இல்லை. விண்ணப்பம் போட, பாடம் பார்க்க, தமிழில் டைப் அடிக்க எல்லாம் முடியும். காமர்ஸ் படிக்கும் பிள்ளைகள் மட்டும் யோசித்துச் செய்யவும். டேலி விண்டோஸில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது.

சரி செய்யவே முடியாது என்று முடிவானாலும், இன்னொருவருக்குக் கொடுக்க நினைத்தாலும், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். அழித்த படங்களைத் திரும்ப எடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நம் வீட்டுப் பெண்களின் படங்கள் யார் கைக்கோ போக நாமே வழி செய்யக் கூடாது. பழைய கம்ப்யூட்டரை ஸதகாவாக அறக்கட்டளைக்குத் தருபவர்களிடமும் இதையே கேட்டுக்கொள்கிறோம். அதிலிருந்து கழற்றும் ராமும் எஸ்.எம்.பி.எஸ்ஸும் இன்னொரு வீட்டுக் கம்ப்யூட்டரை ஓட வைக்கும்.

பார்த்தும் சரியாகவில்லையென்றால் பெட்டியை மட்டும் அலுவலகத்திற்குக் கொண்டுவாருங்கள், மானிட்டர் வேண்டாம். மூன்று விதத்தில் எது, எப்போதிலிருந்து, கடைசியாக யார் திறந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள்.