பேக்கப் எடுத்தால் போதுமா?

கொல்லிமலையில், எடப்புளி நாட்டில் மிளகு பயிரிடுபவர் வங்கிக் கடனுக்குப் பட்டா நகல் எடுக்க மலையிறங்க வேண்டியதில்லை. இணையத்தில் நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை வட்டம், கிராமம், புல எண் என்று தேர்ந்தெடுத்தால் 'தமிழ்நிலம்' தரவுத்தளத்திலிருந்து நகல் வந்துவிடுகிறது. நிலம், ரேஷன், வங்கிக் கணக்கு எல்லாமே இன்று ஏதோ ஒரு சர்வரில்தான் குடியிருக்கின்றன.

ஒரு சர்வர் என்றால் ஆளே பார்த்துக்கொள்ளலாம். நூறு சர்வர் என்றால் முடியாது. தினமும் இரவு பேக்கப் எடுப்பது, டிஸ்க் நிரம்புகிறதா என்று பார்ப்பது போன்ற வேலைகளை ஸ்கிரிப்ட் எழுதி ஒப்படைத்துவிடுவார்கள். யூனிக்ஸில் அந்த ஸ்கிரிப்டைக் குறித்த நேரத்தில் ஓட்டும் வேலையை 'கிரான்' 1970களிலிருந்தே செய்கிறது. விண்டோஸில் ஸ்கிரிப்ட் எழுத 2006இல் 'பவர்ஷெல்' வந்தது.

ஸ்கிரிப்ட் வேலையைச் செய்யும். வேலை நடந்ததா என்று கேட்பது பாலிசி. மைக்ரோசாஃப்டின் 'எஸ்க்யூஎல் சர்வர் 2008' இதைத் தனி வசதியாகவே கொண்டுவந்தது. 'கடைசி பேக்கப் 24 மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்' என்று ஒருமுறை எழுதிவைத்தால், எல்லா சர்வர்களையும் அதை வைத்துச் சோதித்து, தவறியவற்றைக் காட்டிக்கொடுக்கும். சில விதிகளை மீறவே விடாமல் தடுக்கவும் செய்யும்.

வேலை நடந்ததா என்ற கேள்வி எவ்வளவு அவசியம் என்பதை 2017 ஜனவரி 31 இரவு 'கிட்லேப்' என்ற மென்பொருள் நிறுவனம் கண்டது. துணை சர்வரில் அழிக்க வேண்டியதைப் பொறியாளர் ஒருவர் முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபிதான். பேக்கப்பைத் தேடினால் அந்த இடம் காலி. தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பு, பேக்கப் கருவியோ 9.2. பதிப்பு பொருந்தாததால் ஒவ்வொரு நாளும் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டன. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்த நகல்தான் கைகொடுத்தது.

தோற்றால் மட்டும் அஞ்சல் அனுப்பு என்ற ஏற்பாட்டில் மௌனம் இரண்டு பொருள் தருகிறது: எல்லாம் நலம், அல்லது அஞ்சலே செத்துவிட்டது. அதனால் வேறொரு சர்வர் தானாகவே போய், நகல் இருக்கிறதா, அளவு என்ன என்று பார்க்க வேண்டும். அதோடு, நகலை ஏற்றிப் பார்த்து, எடப்புளி நாட்டுப் பட்டாக்கள் எண்ணிக்கை குறையாமல் வந்தனவா என்று சரிபார்க்கும் ஸ்கிரிப்டும் வேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

கிட்லேப் பின்னர் வெளியிட்ட பணிப்பட்டியலில் தானியங்கி மீட்புச் சோதனை இருந்தது. எந்த சர்வரில் இருக்கிறோம் என்று திரையிலேயே பளிச்சென்று தெரியும்படி கட்டளை வரியை மாற்றுவதும் இருந்தது.