பீரும் டயப்பரும், டீயும் சமோசாவும்

டேட்டா மைனிங் வகுப்பில் முதல் நாளே ஒரு கதை வரும். கேட்டிருப்பீங்க. அமெரிக்காவில் குழந்தைக்கு டயப்பர் வாங்க வந்த அப்பாக்கள் கூடவே பீரும் வாங்கினார்களாம். ரெண்டையும் பக்கத்துல வச்சதும் விற்பனை எகிறியதாம். இது பாதிதான் உண்மை. 1992-ல் ஆஸ்கோ டிரக் கடைகளின் சுமார் 12 லட்சம் பில்களை டெராடேட்டா குழுவினர் அலசியபோது, மாலை 5 முதல் 7 மணிக்குள் இந்த ஜோடி தென்பட்டது நிஜம். ஆனால் கடைக்காரர்கள் அலமாரியை மாற்றவே இல்லை!

உருப்படியான உதாரணம் வேணும்னா வால்மார்ட்டைப் பாருங்க. 2004-ல் பிரான்சிஸ் புயல் புளோரிடாவை நெருங்கியது. சில வாரம் முன்பு சார்லி புயல் அடித்தபோது என்ன விற்றது என்று பழைய பில்களைத் தோண்டினார்கள். டார்ச் லைட் வரும் என்பது யாருக்கும் தெரியும். ஸ்ட்ராபெரி பாப்-டார்ட் வழக்கத்தைவிட ஏழு மடங்கு விற்கும் என்று யார் நினைப்பார்கள்? ஜாம் அடைத்த பாக்கெட் பண்டம். அடுப்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். புயலுக்கு முன்பே லாரிகள் கிளம்பிவிட்டன.

சரி, இதில் நாம் ஏமாறும் இடம் ஒன்று இருக்கு. நம்ம கேன்டீனில் 100 பில் என்று வைத்துக்கொள்வோம். 40 பில்லில் சமோசா. அதில் 32-ல் டீயும் இருக்கு. அதாவது கான்ஃபிடன்ஸ் 80 சதவீதம். "சமோசா வாங்கினால் டீ வாங்குவார்கள்" என்று ஸ்லைடு போட்டுவிடலாமா? பொறுங்க. மொத்த பில்களிலேயே 80-ல் டீ இருந்தால்? 80-ஐ 80-ஆல் வகுத்தால் லிஃப்ட் 1. சமோசாவுக்கும் டீக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எல்லாரும் டீ குடிக்கிறார்கள், அவ்வளவுதான்!

இதே மாதிரிக் கணக்குதான் ஒரு உயிரையும் காப்பாற்றக்கூடும். ஸ்வீடனின் உப்சாலாவில் உள்ள மையத்துக்குப் பல நாடுகளிலிருந்து மருந்துகளின் பக்கவிளைவுப் புகார்கள் வருகின்றன. ஒரு மருந்தும் ஒரு கோளாறும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சேர்ந்து வந்தால், அதைத் தனியே எடுத்து டாக்டர்கள் ஆராய்கிறார்கள். மருந்துதான் காரணம் என்று கணினி தீர்ப்புச் சொல்வதில்லை. வங்கியிலும் அப்படித்தான்: உங்கள் வழக்கத்துக்கு ஒட்டாத செலவு வந்தால் கார்டு நிற்கும், பிறகு போன் வரும்.

கூகுள் இங்கேதான் சறுக்கியது. தேடல் வார்த்தைகளை வைத்துக் காய்ச்சல் பரவலைக் கணிக்கும் ஃப்ளூ டிரெண்ட்ஸை 2008-ல் தொடங்கினார்கள். 2012-13 குளிர்காலத்தில் அது சொன்ன அளவு, அரசுக் கணக்கைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்! செய்தி பார்த்துப் பயந்து, நல்லா இருந்தவர்களும் தேடியது ஒரு காரணம் என்றார்கள். 2015-ல் சேவையை மூடிவிட்டார்கள்.

மினி புராஜெக்ட் செய்யப் போறீங்களா? ஆர் மொழியின் ஏரூல்ஸ் தொகுப்பில் 'குரோசரீஸ்' என்ற டேட்டா இருக்கு: ஒரு கடையின் ஒரு மாத பில்கள், மொத்தம் 9,835. அதில் கால்வாசி பில்லில் பால் உண்டு. அப்ரியோரியை ஓட்டினால் 'பால்' என்று முடியும் விதிகளாக வந்து கொட்டும். லிஃப்ட் வரிசையில் அடுக்கிவிட்டுப் பாருங்க.