எஃகுத் தூணும் உப்புக் காற்றும்

எஃகு எரியாது. ஆனாலும் தீப்பிடித்த கட்டடத்தில் பருத்த மரத்தூண் கரிந்தபடி நின்றுகொண்டிருக்க, எஃகு உத்தரம் தொய்ந்து விழுவதுண்டு. எஃகு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். வலு இழக்க அவ்வளவு வேண்டாம். 550 டிகிரியை ஒட்டியே அதன் வலுவில் பாதியளவு போய்விடும். கட்டடத் தீக்கு அளவுகோலாகச் சோதனைக்கூடங்கள் பயன்படுத்தும் உலையில் அரை மணி நேரத்திலேயே சூடு 840 டிகிரியை எட்டுகிறது. சூட்டில் எஃகு நீளவும் செய்யும். 10 மீட்டர் உத்தரம் 500 டிகிரி சூடேறினால் ஆறேழு சென்டிமீட்டர் நீளும். அதற்கு இடமில்லையென்றால் தூணைத் தள்ளும், அல்லது தானே வளையும்.

ஆகவே எஃகுக்குப் போடும் தீக்காப்பு தீயை அணைப்பதற்கானது அல்ல. ஒரு மணி, இரண்டு மணி என்று நேரம் வாங்கித் தருவதே அதன் வேலை. அந்த நேரத்துக்குள் மக்கள் வெளியேற வேண்டும், தீயணைப்பு வீரர்கள் உள்ளே போய்த் திரும்ப வேண்டும்.

பழைய வழி, தூணைச் சுற்றிக் கான்கிரீட் போடுவது. பாரம் கூடினாலும் உறுதியானது. ஜிப்சமும் வெர்மிகுலைட்டும் கலந்து தூவுவது மலிவு. ஆனால் எளிதில் உதிரும். வெளியே தெரியும் தூண்களுக்கு ஒரு வகைப் பெயின்ட் உண்டு. ஓரிரு மில்லிமீட்டர் கனமுள்ள அது, 200 டிகிரியைக் கடந்ததும் பல மடங்கு உப்பிக் கரி நுரையாகி, சூடு உள்ளே போகாமல் தடுக்கும். முன்பு தூவிய கலவைகளில் கல்நார் இருந்தது. அதன் தூசு நுரையீரல் நோயையும் புற்றுநோயையும் தருவதால் கைவிடப்பட்டது. தூவிய காப்பு உதிர்ந்தால் என்னவாகும் என்பதை 2001இல் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் காட்டின: விமானம் மோதிய அதிர்ச்சியில் காப்பு பெயர்ந்துபோனது அவை சரிந்ததற்கு முக்கியக் காரணம் என்று அமெரிக்க அரசின் ஆய்வு முடிவு சொன்னது.

கான்கிரீட் கட்டடமும் விதிவிலக்கல்ல, உள்ளே இருப்பது எஃகுக் கம்பிதானே. 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் சென்னை சில்க்ஸ் கட்டடம் தீப்பிடித்து விடிய விடிய எரிந்தது. மறுநாள் அதிகாலையில் ஒரு பகுதி சரிந்தது. கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே கொத்தனார்கள் விடும் 'கவர்' தான் அந்தக் கம்பிக்குத் தீக்காப்பு. அதில் மிச்சம் பிடிப்பது ஆபத்தான சிக்கனம்.

சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்குத் தெற்கே காட்டுப்பள்ளி, எண்ணூர் கரையில் துறைமுகங்களும் அனல்மின் நிலையமும் எழுந்து, மீனவக் குப்பங்களின் எல்லையில் எஃகு குவிந்துவிட்டது. 2019இல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் திரவ இயற்கை எரிவாயு முனையம் திறக்கப்பட்டது. இத்தகைய இடங்களில் காப்பின் தேவை இருமடங்கு. எண்ணெய், வாயுத் தீக்கான சோதனையில் உலை 5 நிமிடத்தில் 1,093 டிகிரியை எட்டுகிறது. அதோடு, மைனஸ் 162 டிகிரியில் வைக்கப்படும் அந்தத் திரவம் கசிந்து சாதாரண எஃகில் பட்டால் அந்த எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும். அங்கே காப்பு முதலில் குளிரையும் பிறகு தீயையும் தாங்க வேண்டும்.

இந்தக் கரையில் இன்னொரு எதிரி உண்டு. அது நாள்தோறும் வேலை செய்கிறது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் காப்பின் விரிசல் வழியே நுழைந்து, வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகின்றன. மேலே பூச்சு முழுசாகத் தெரியும், அடியில் தூண் துருவேறிக் கரைந்துகொண்டிருக்கும். அதனால் துருத் தடுப்புப் பூச்சை முதலில் அடித்து, பிறகே தீக்காப்பைப் போட வேண்டும். காப்பின் மேல் விளிம்பில் மழைநீர் இறங்காமல் அடைக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, குறிப்பிட்ட இடங்களிலாவது காப்பைப் பெயர்த்து உள்ளே பார்க்க வேண்டும். பெயர்த்தால் செலவு என்பதால் தள்ளிப்போடப்படுவது பெரும்பாலும் இந்த வேலைதான். குழாய், கேபிள் மாட்ட வருபவர்கள் காப்பைச் சுரண்டிவிட்டு அப்படியே போய்விடுவது இன்னொரு வழக்கமான கோளாறு.

மீனவக் குப்பங்களில் ஆங்கிளும் தகர ஷீட்டும் கொண்ட சிறிய ஷெட்டுகளின் கதை வேறு. அவற்றின் மெல்லிய இரும்பு வெகு விரைவில் சூடேறும். விலையுயர்ந்த பெயின்ட் அங்கே கட்டுப்படியாகாது. நைலான் வலை, தெர்மாகோல் பெட்டி, டீசல் கேன் ஆகியவற்றைத் தூணோரம் அடுக்காமல் தனியே வைப்பதும், தூணின் கீழ்ப்பகுதிக்காவது செங்கல்லோ கான்கிரீட்டோ கட்டுவதும், இரு பக்கமும் வாசல் விடுவதும் அங்கே கைக்கெட்டும் பாதுகாப்பு.