காணிக்குப் போய்வர ஒரு சிறு மோட்டார் சைக்கிள்

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்கள் பலவற்றில் இன்று காணி ஓரிடத்திலும் குடியிருப்பு இன்னோரிடத்திலும் இருக்கின்றன. வலிகாமம் வடக்கில் 1990ஆம் ஆண்டில் எம்மவர் விட்டுவந்த தோட்டக் காணிகளிற் பல, 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. வீடு இடிந்து, கிணறு தூர்ந்து கிடக்கும் இடத்துக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உடனே போய்விட முடியாது. ஆகவே குடும்பத் தலைவர் மட்டும் காலையில் போய், இறைத்து, களை பிடுங்கி, பொழுதுபட முன்னர் திரும்புகிறார். வன்னியிலும் வீட்டுத்திட்டக் கிராமம் ஒரு பக்கம், குளத்தடி வயல் இன்னொரு பக்கம். சைக்கிளில் பதினைந்து கிலோமீற்றர் மிதிப்பதற்கு அறுபது வயது முழங்கால் இடங்கொடுப்பதில்லை. விடியற்காலையில் கத்தரிக்காய் மூடையைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல பஸ்ஸை நம்பியிருக்கவும் முடியாது.

இவர்களிற் பலர் முன்னர் மோட்டார் சைக்கிள் ஓடியவர்கள்தான். 1990இல் வடக்குக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டபோது, சில துளி பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடிய அனுபவமும் அவர்களுக்கு உண்டு. பின்னர் இடப்பெயர்வுகளில் வண்டி கைவிட்டுப் போயிற்று. இப்போது பல வருடங்களுக்குப் பின்னர் மீண்டும் ஒன்றை வாங்க நினைக்கிறார்கள். அவர்கள் எதைப் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். சுருக்கமாகச் சொன்னால் இரண்டு கேள்விகள்: உங்கள் உடம்பு எதைத் தாங்கும்? உங்கள் அறுவடை எதைக் கட்டித் தீர்க்கும்?

உடம்புக்கு ஏற்ற வண்டி

அந்நாளில் எமது ஒழுங்கைகளில் ஓடிய ஹொண்டா சி.50, எம்.டி. 90 போன்றவை இலேசான வண்டிகள். கிளச் பிடிக்க வேண்டியதில்லை, இருக்கையும் பதிவு. ஹொண்டா நிறுவனம் 1958இல் வெளியிட்ட சூப்பர் கப் என்ற வண்டியின் வழிவந்தவை அவை. அந்த வரிசையில் 2017ஆம் ஆண்டளவில் பத்துக் கோடி வண்டிகள் செய்யப்பட்டுவிட்டன. சிறிய வண்டி என்று எவரும் அதை இளக்காரமாக எண்ணத் தேவையில்லை.

இன்று பிள்ளைகள் விரும்பும் பல்சர் 150 ஏறக்குறைய 145 கிலோ. பஜாஜ் சி.ரி. 100 ஏறக்குறைய 110 கிலோ. ரி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 சுமார் 90 கிலோ. ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது. மணலில் திருப்பும்போதும், வரம்பில் சரிந்த வண்டியைத் தனியே நிமிர்த்தும்போதும், பின்னால் 50 கிலோ உர மூடையுடன் நிற்கும்போதுந்தான் தெரியும். எனவே வாங்குமுன் மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள். இருக்கையில் இருந்து இரு பாதங்களும் முழுதாக நிலத்தில் படுகின்றனவா என்று பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு மணலில் இருபது அடி தள்ளிப் பாருங்கள். நடு ஸ்ராண்டில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். இதற்கு மகனின் உதவி தேவைப்பட்டால் அந்த வண்டி மகனுக்குரியது.

முழங்கால் நோவுள்ளவர் கிக்கரை மட்டும் நம்பாமல், பட்டனால் கிளப்பக்கூடிய வண்டியைப் பார்ப்பது நல்லது. நீரிழிவினால் பாதம் மரத்துப்போனவருக்குக் கால்பிறேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது சரியாகத் தெரியாது. அப்படியானவருக்கு இரு பிறேக்குகளும் கையில் உள்ள ஸ்கூட்டர் பொருத்தமாகலாம். குடும்பப் பொறுப்பைத் தனியே சுமக்கும் தாய்மார் பலரும் இந்தக் காரணங்களுக்காகவே ஸ்கூட்டி போன்ற வண்டிகளைத் தெரிவுசெய்கிறார்கள். ஆனால் ஸ்கூட்டரின் சில்லு சிறியது; பள்ளம் விழுந்த கிறவல் வீதியில் பெரிய சில்லே நிதானமாகப் போகும். தார் வீதியால் சந்தைக்குப் போய்வருபவருக்கு ஸ்கூட்டர் போதும். வாய்க்கால் கரையால் வயலுக்குப் போகிறவருக்கு 100 சி.சி. மோட்டார் சைக்கிளே உதவும்.

பெற்றோல் கணக்கு

நாளொன்றுக்கு 30 கிலோமீற்றர், கிழமைக்கு ஆறு நாள் என்றால் 180 கிலோமீற்றர். நன்றாகப் பராமரிக்கப்பட்ட 100 சி.சி. வண்டி லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்தால் கிழமைக்கு 3.6 லீற்றர் போதும். பெரிய வண்டி 40 கிலோமீற்றர் ஓடினால் 4.5 லீற்றர் வேண்டும். மாதக் கணக்கில் வித்தியாசம் நான்கு லீற்றருக்குக் கிட்ட. காசு உள்ள காலத்தில் இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் 2022இல் கியூ.ஆர். முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் தரப்பட்டது. அந்த அளவில் சிறிய வண்டிக்காரர் ஆறு நாளும் வயலுக்குப் போயிருக்கலாம். பெரிய வண்டிக்காரர் ஒரு நாள் வீட்டில் நின்றிருக்க வேண்டும். தட்டுப்பாட்டை நன்கு அறிந்தவர்கள் நாம். இதை மறக்கலாகாது.

பழைய பழக்கத்தில் மண்ணெண்ணெய் கலக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது முழுதாக எரியாமல் கரியாகப் படியும். எஞ்சின் ஒயிலுடன் சேர்ந்து அதை ஐதாக்கும். அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று அது எஞ்சினைக் கெடுக்கும் வீண் வேலை.

பாவித்த வண்டி வாங்கும்போது

2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபடியால் பாவித்த வண்டிகளின் விலை மிகவும் ஏறியது. விலை அதிகம் என்பதனால் வண்டி நல்லது என்று ஆகிவிடாது. பகல் வெளிச்சத்தில், தெரிந்த மெக்கானிக் ஒருவருடன் போங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே கிளப்புங்கள். விற்பவர் முன்னரே கிளப்பிச் சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். புகைக்குழாயிலிருந்து நீலப் புகை வந்துகொண்டே இருந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது, செலவு காத்திருக்கிறது. செயின் சில்லின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் செயினையும் சேர்த்து மாற்ற வேண்டும். முன்சில்லைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். ஹாண்டிலை விட்டால் ஒரு பக்கம் இழுக்கும் வண்டி விழுந்தெழும்பிய வண்டியாக இருக்கக்கூடும்.

பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் சட்ட இலக்கமும் வண்டியில் பொறித்துள்ளவற்றுடன் ஒத்திருக்க வேண்டும். இவ்விடயத்தில் எமது பகுதிகளில் இரட்டிப்புக் கவனம் தேவை. யுத்தகாலத்தில் உரிமையாளரைப் பிரிந்த வண்டிகள் பல. பத்திரம் தொலைந்தவையும் பல. ஒப்பமிட்ட வெறும் படிவத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, உங்கள் பெயருக்கு மாற்றாமல் ஓடாதீர்கள். நாளை ஒருவர் வந்து உரிமை கோரினால் காட்டுவதற்கு உங்கள் கையில் ஒன்றும் இராது.

தவணையும் அறுவடையும்

வண்டி பலரைக் கஷ்டத்தில் விடுவது இந்த இடத்தில்தான். உதாரணமாக, லீசிங் கம்பனியொன்றில் 2 இலட்சம் ரூபாவை 24 மாதத்துக்கு எடுக்கிறீர்கள். வட்டி வருடத்துக்கு 20 வீதம் என்கிறார்கள். முழுத் தொகைக்கும் இரண்டு வருட வட்டி 80,000 ரூபா. மொத்தம் 2,80,000. மாதத் தவணை ஏறக்குறைய 11,670 ரூபா. ஒரு வருடம் கட்டிய பின்னர் முதலிற் பாதி அடைபட்டிருக்கும். வட்டியோ தொடர்ந்தும் முழு 2 இலட்சத்துக்கே அறவிடப்படும். மீதியாகவுள்ள கடனுக்கு மட்டும் வட்டி கணக்கிட்டால் இது வருடத்துக்கு ஏறக்குறைய 35 வீத வட்டிக்குச் சமன். ஒப்பமிட முன்னர், “குறைந்து செல்லும் மீதிக்கா வட்டி, முழுத் தொகைக்கா?” என்று கேளுங்கள்.

தவணை மாதந்தோறும் வரும். காலபோக நெல்லோ வருடத்தில் ஒரு முறைதான் வீடு வரும். இடையில் மழை பொய்த்தாலும் வெள்ளம் வந்தாலும் தவணை நிற்காது. சில தவணைகள் தவறினால் வண்டி பறிபோகும், கட்டிய காசும் போகும். சம்பளக்காரருக்கு அமைந்த கடன் கமக்காரருக்குப் பொருந்தாது. தோட்டம் செய்து கிழமைதோறும் சந்தைக் காசு காண்பவர் ஓரளவு சமாளிக்கலாம். நெல்லை மட்டும் நம்பியிருப்பவர் அறுவடைக்குப் பின்னர் கையிலுள்ள காசுக்கு அடங்கிய பழைய 100 சி.சி. வண்டியை வாங்குவதே புத்தி. கடன் தவிர்க்க முடியாததாயின், அறுவடைக் காலத்தில் பெருந்தொகையாகச் செலுத்த இடமுண்டா என்று உங்கள் சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்தில் முதலில் விசாரியுங்கள்.

கோபுரம் கட்டப் புறப்பட்டவன் முன்னதாகவே செலவுக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் சொன்னது லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் உள்ளது. அது வண்டிக்கும் பொருந்தும். விலையுடன் காப்புறுதி, வருடாந்த வரிப்பத்திரம், புகைப் பரிசோதனை, தலைக்கவசம் இரண்டு, ரயர், ஒயில் ஆகியவற்றையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

பத்திரமும் பயிற்சியும்

சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஏ1 என்ற வகை 100 சி.சி. வரையான வண்டிக்கு, அதற்கு மேற்பட்டதற்கு ஏ வகை வேண்டும். 110 சி.சி. ஸ்கூட்டருக்கும் ஏ வகையே தேவை. பழைய பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்தவர்கள் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியுடன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் கிளையை நாட வேண்டும். மருத்துவப் பரிசோதனையை ஒரு தொல்லையாக எண்ணாதீர்கள். கண்ணில் வெண்படலம் இருந்தால், எதிரே வரும் வெளிச்சத்தில் விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டியோ வீதியில் படுத்திருக்கும் மாடோ தெரியாது.

வண்டி வந்த முதற் கிழமை வீதிக்குப் போகாமல் வெறுங்காணியிலோ கோயில் வளவிலோ பழகுங்கள். பழைய பழக்கம் கையையும் காலையும் விட்டுப் போவதில்லை. ஸ்கூட்டரில் இடக்கை கிளச் என்று எண்ணிப் பிடித்தால் பின்பிறேக் சட்டென்று இறுகும். வலக்கால் பிறேக்கைத் தேடினால் அங்கே ஒன்றும் இராது. கியர் மாறும் விதமும் வண்டிக்கு வண்டி வேறு. முன்பிறேக் ஆளைக் கவிழ்த்துவிடும் என்று பயந்து அதைத் தொடாமலே ஓடுபவர்கள் உண்டு. உண்மையில் வண்டியை நிறுத்துவதில் பெரும் பங்கு அதனுடையதே. இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்த வேண்டும். மணலிலும் கிறவலிலும் மட்டும் முன்பிறேக்கை மெதுவாகத் தொட வேண்டும். தனியே பழகிய பின்னரே சாமான் ஏற்றுங்கள். அதன் பின்னரே பேரப்பிள்ளையை ஏற்றுங்கள்.

இளையவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். அப்பா சின்ன வண்டி போதும் என்றால், ஊரார் என்ன நினைப்பார்கள் என்று சொல்லிப் பெரியதை வாங்க வைக்காதீர்கள். அவர் போக வேண்டியது காணிக்கு. விளைந்ததைச் சந்தையில் சேர்த்துவிட்டுப் பொழுதோடு பத்திரமாக வீடு திரும்பவும் கடனில்லாமல் அடுத்த விதைப்பைத் தொடங்கவும் அவருக்கு உதவுவதே நல்ல வண்டி.