நாய் வைத்தியச் செலவு: தடுத்தால் மூவாயிரத்துக்குள், தாமதித்தால் பத்தாயிரம்

சென்னை கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் போகும் லூப் சாலையில் இருக்கிறது நொச்சிக்குப்பம். ஒரு பக்கம் மணலில் ஏற்றி வைத்த ஃபைபர் படகுகள், மறுபக்கம் வாரியக் குடியிருப்புகள். 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மாநகராட்சியின் மீன் அங்காடியும் இங்கேதான் உள்ளது. மீன் வெட்டும் இடத்தில் பூனை காத்திருக்கும். படகு நிழலில் நாய் படுத்திருக்கும். அவற்றில் சில தெருவில் வளர்பவை. சில, சோறு வைக்கும் வீட்டுக்குச் சொந்தமானவை.

விவசாயப் பக்கத்தில் கடற்கரைக் குப்பத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். குப்பத்தில் படகையும் வலையையும் காவல் காக்கிற நாயும், உங்கள் ஆட்டுப்பட்டியைக் காவல் காக்கிற நாயும் செய்வது ஒரே வேலைதான். இரண்டு வீட்டிலும் வருமானம் மாதச் சம்பளமாக வருவதில்லை. கடலும் மழையும் பார்த்து வருகிறது. நாய்க்கு நோய் வந்தால் இரண்டு வீட்டிலும் எழும் கேள்வியும் ஒன்றுதான்: இவ்வளவு செலவு செய்ய முடியுமா, இல்லை விட்டுவிடுவதா?

மீனவர் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்தக் காலத்துக்கு ஒரு குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். அந்த நேரத்தில் நாய்க்குட்டிக்கு ரத்தக் கழிச்சல் வந்து, தனியார் மருத்துவமனையில் ஐந்து நாள் டிரிப் ஏற்றினால், இரண்டு மாத நிவாரணம் முழுவதும் போய்விடும்.

செலவு ஏன் இவ்வளவு?

மருத்துவர்கள் கூடுதலாக வாங்குகிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மனிதனுக்குச் செய்கிற ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன், மயக்க மருந்து எல்லாம் இன்று நாய்க்கும் உண்டு. ஆனால் மனிதனுக்கு அரசு மருத்துவமனையும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இருக்கின்றன. மாட்டுக்கும் ஆட்டுக்கும் மானியத்துடன் கால்நடைக் காப்பீடு இருக்கிறது. அதில் விவசாயி கட்ட வேண்டிய பிரீமியம் பங்கு 15 சதவீதம்தான். நாயும் பூனையும் அந்தப் பட்டியலில் இல்லை. சில பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நாய்க்குக் காப்பீடு விற்றாலும், சாதாரணக் குடும்பங்களில் அதை எடுப்பவர்கள் குறைவு. ஆகவே முழுச் செலவும் ஒரே நாளில் ஒரே பையிலிருந்து போகிறது.

இன்னொரு காரணம் நாமேதான். சோறு தின்னாத முதல் நாள் “நாளைக்குச் சரியாகிவிடும்” என்கிறோம். இரண்டாம் நாள் மருந்துக்கடையில் மனிதருக்கான மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். மூன்றாம் நாள், எழ முடியாத நிலையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். முதல் நாள் ஒரு ஊசியில் முடிந்திருக்க வேண்டியது, மூன்றாம் நாள் உள்நோயாளிப் பிரிவில் போய் முடிகிறது.

மனிதருக்கான மாத்திரை விஷயத்தில் எச்சரிக்கை தேவை. காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் பூனையின் உயிரையே எடுக்கும். வலிக்கு நாம் போடும் இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை நாய்க்குக் குடல்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் உண்டாக்கும். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ப் பல ஆயிரம் செலவாவது இப்படித்தான்.

ஒரு குட்டிக்கான கணக்கு

உத்தேசமாக ஒரு கணக்குப் போடுவோம். ஊருக்கு ஊர் விலை மாறும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்வோ என்ற வைரஸ்தான் குட்டிகளுக்கு வரும் ரத்தக் கழிச்சலுக்கு முக்கியக் காரணம். வாந்தி, துர்நாற்றத்துடன் ரத்தம் கலந்த கழிச்சல், வேகமான நீரிழப்பு என்று இரண்டே நாளில் குட்டியைச் சாய்த்துவிடும். சிகிச்சை என்பது டிரிப் ஏற்றி உயிரைத் தாங்கிப் பிடிப்பதுதான். ஒரு நாளுக்கு 1,500 ரூபாய் என்று வைத்தாலும் ஐந்து நாளுக்கு 7,500. பரிசோதனை, மருந்து, ஆட்டோ சேர்த்தால் 10,000 ஆகிவிடும். அதன் பிறகும் குட்டி பிழைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

இதைத் தடுக்கும் கூட்டுத் தடுப்பூசியைக் குட்டி பிறந்த 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை தொடர வேண்டும். பார்வோவோடு நாய்களின் டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் போன்றவற்றுக்கும் இதில் பாதுகாப்பு உண்டு. ஒரு ஊசி 700 ரூபாய் என்றால் மூன்றுக்கு 2,100. மூன்று மாதத்தில் போடும் வெறிநோய் ஊசிக்கு 300, குடற்புழு மருந்துக்கு 200 சேர்த்தாலும் மொத்தம் 2,600 ரூபாய். அதுவும் ஒரே நாளில் அல்ல, மூன்று மாதத்தில் பிரித்துச் செலவாகிறது. அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை ஊக்க ஊசி.

பார்வோவில் ஒரு குட்டி இறந்த வீட்டில் உடனே அடுத்த குட்டியைக் கொண்டு வராதீர்கள். அந்த வைரஸ் மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். தரையையும் தட்டையும் பிளீச்சிங் கரைசலால் கழுவுங்கள். புதுக் குட்டிக்கு ஊசி முடிந்த பிறகே அந்த இடத்தில் விடுங்கள்.

கடற்கரையில் தூண்டில் முள், வயலில் எலி மருந்து

எதைக் கண்டாலும் வாயில் போடுவது நாயின் குணம். நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் அதனால் வரும் ஆபத்து இரண்டு. ஒன்று, இரை கோத்த தூண்டில் முள்ளை நாய் விழுங்குவது. வாயில் நூல் தொங்குகிறதே என்று பிடித்து இழுத்தால் முள் உணவுக்குழாயில் குத்தி ஏறும். நூலை வெட்டவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம்; அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து முள் இருக்கும் இடம் பார்த்துதான் எடுப்பார். இரண்டாவது, பேத்தை மீன். அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. வலையில் வந்ததை மணலில் வீசாமல் குழி தோண்டிப் புதைப்பதே வழி.

உங்கள் ஊரில் இதற்கு ஈடானவை எலி மருந்தும் பூச்சிமருந்தும். எலி மருந்து வைத்த அன்று நாயைக் கட்டிப் போடுங்கள். செத்த எலியைத் தேடி எடுத்துப் புதையுங்கள். நாய் தின்றுவிட்டது என்று தெரிந்தால் மருந்தின் அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் மருத்துவருக்கு நேரம் மிச்சம், உங்களுக்குப் பரிசோதனைச் செலவு மிச்சம்.

நாய்க்குச் செய்யாத செலவு ஆட்டில் வந்து நிற்கும்

மந்தையில் ஒரு ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து, பிறகு படுத்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு ஒரு காரணம் நாயின் குடலில் வாழும் நாடாப்புழு. அதன் முட்டை நாயின் சாணத்தோடு மேய்ச்சல் நிலத்தில் விழுகிறது. புல்லோடு அதைத் தின்ற ஆட்டின் மூளையில் நீர்க்கட்டி வளர்கிறது. அந்த ஆட்டின் தலையை வெட்டி நாய்க்கே போட்டால், கட்டிக்குள் இருக்கும் இளம்புழு மறுபடி நாயின் குடலுக்குப் போகிறது. இந்தச் சுழற்சி இப்படியே தொடர்கிறது.

இதை அறுக்க இரண்டு வேலை போதும். வெட்டிய ஆட்டின் தலை, ஈரல், நுரையீரலைப் பச்சையாக நாய்க்குப் போடக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, நாயின் எடைக்கு ஏற்ப, பிராசிகுவான்டல் சேர்ந்த குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். ஒரு ஆட்டின் விலையோடு ஒப்பிட்டால் அந்த மாத்திரையின் விலை ஒன்றுமே இல்லை.

வெறிநோய் இதைவிடப் பெரிது. அறிகுறி தெரிந்த பிறகு நாய்க்கும் மாட்டுக்கும் மனிதனுக்கும் அதற்குச் சிகிச்சை கிடையாது. நாய் கடித்தால் காயத்தில் மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மாட்டையோ ஆட்டையோ கடித்திருந்தாலும் காயத்தை இதே போலக் கழுவி, கால்நடை மருத்துவரிடம் சொல்லி 0, 3, 7, 14, 28 ஆம் நாட்களில் தடுப்பூசி போடுங்கள். வீட்டு நாய்க்கு ஆண்டுக்கு ஒரு ஊசி போடுவது, வீட்டில் உள்ள எல்லோருக்கும் சேர்த்துப் போடும் காப்பு.

குறைந்த செலவில் எங்கே போவது?

நோய் வந்த பிறகு தேடாமல் இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. 1903 இல் தொடங்கிய கல்லூரி இது. மாணவர்கள் பயிலும் மருத்துவமனை என்பதால் கட்டணம் தனியாரைவிடக் குறைவு. எல்லாத் துறை மருத்துவர்களும் ஒரே வளாகத்தில் கிடைப்பார்கள். கூட்டம் இருக்கும், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள்.

நொச்சிக்குப்பம், மயிலாப்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு மாநகராட்சியின் செல்லப்பிராணி மையங்கள் ராயப்பேட்டை லாயிட்ஸ் காலனியிலும் தி.நகர் கண்ணம்மாபேட்டையிலும் உள்ளன. வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். மாநகராட்சி எல்லைக்குள் நாய், பூனை வளர்க்க உரிமம் கட்டாயம். கட்டணம் 50 ரூபாய். ஊசியையும் உரிமத்தையும் ஒரே அலைச்சலில் முடித்துவிடலாம்.

மாவட்டங்களில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களில் இருக்கின்றன. அங்கெல்லாம் மருத்துவமனையும் உண்டு. உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் மாட்டைப் போலவே நாயையும் பார்ப்பார்கள். மாட்டைக் கொண்டு போகும் அன்று நாயையும் கயிற்றில் பிடித்துப் போங்கள். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தை ஒட்டி இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடக்கும். தேதியை மருந்தகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆடு மாடுகளுக்கு அவசரம் என்றால் 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

மருந்து விலை பற்றியும் ஒரு செய்தி. கால்நடைகளுக்கான மூலப்பெயர் மருந்துகளைக் குறைந்த விலையில் விற்கும் ‘பசு ஔஷதி’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 மார்ச் மாதம் ஒப்புதல் தந்தது. கூட்டுறவுச் சங்கங்கள், பிரதமரின் கிசான் சம்ரிதி மையங்கள் வழியாக விற்பனை செய்வது திட்டம். உங்கள் பகுதிக்கு வந்துவிட்டதா என்று விசாரியுங்கள்.

மருத்துவரிடம் கேட்கத் தயங்காதீர்கள்

எல்லா நோயையும் தடுக்க முடியாது. வண்டியில் அடிபடும், கட்டி வரும், வயதானால் சிறுநீரகம் கெடும். அப்போது மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மொத்தம் எவ்வளவு ஆகும்? இந்தப் பரிசோதனை இன்றே தேவையா, மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டுச் செய்யலாமா? பிழைக்க எவ்வளவு வாய்ப்பு? “என்னால் இவ்வளவுதான் முடியும்” என்று தொடக்கத்திலேயே சொன்னால், அதற்குள் எது முக்கியமோ அதை முதலில் செய்வார். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எழுதிக் கொடுத்த மருந்துச்சீட்டையும் பரிசோதனைத் தாளையும் பத்திரமாக வையுங்கள். வேறு இடத்துக்குப் போக நேர்ந்தால் அதே பரிசோதனைக்கு மறுபடி பணம் கட்ட வேண்டியிருக்காது.

பெண் நாய் வைத்திருப்பவர்கள் கருத்தடை அறுவை பற்றிக் கேளுங்கள். நடுவயதுக்கு மேல் கருப்பையில் சீழ் கோத்து, நள்ளிரவில் அவசர அறுவைக்கு ஓடும் நிலை இதனால் வராது. குட்டிகளை எங்கே விடுவது என்ற கவலையும் இருக்காது.

செலவு தாங்கவில்லை என்று நோயுற்ற நாயைத் தெருவிலோ கடற்கரையிலோ விட்டுவிடுவது 1960 ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அது தெருவுக்கே நோயைப் பரப்பும். குணமாகாது, வேதனை மட்டுமே மிச்சம் என்று மருத்துவர் சொன்னால், வலியில்லாமல் விடைகொடுக்க அவரே வழி செய்வார்.

இன்று செய்ய வேண்டியது சின்ன வேலைதான். நாயின் வயது, எடை, கடைசியாக ஊசி போட்ட தேதி, புழு மருந்து கொடுத்த தேதி நான்கையும் ஒரு தாளில் எழுதி, பால் கணக்கு நோட்டுக்குள் வையுங்கள். கடைசி ஊசி எப்போது என்று நினைவில்லை என்றால், நாளைக் காலை உங்கள் ஊர் மருந்தகத்துக்கு முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.